வெர்சாய்: தண்ணீரே இல்லாத மேட்டில் ஒரு நீரூற்று நகரம்

வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்குப் போய்வந்தவர்கள் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. படங்களில் சீறிக்கொண்டிருக்கும் நீரூற்றுகள், தாங்கள் போன நேரத்தில் வெறும் குளங்களாகக் கிடந்தன என்பார்கள். பழுதாகிவிட்டதா, மின்கட்டணத்தை மிச்சப்படுத்துகிறார்களா, கூடுதல் கட்டணம் வாங்கும் தந்திரமா என்று கேள்விகள் எழும்.

350 ஆண்டுகளுக்கு முன்பும் இதே கதைதான். ஐரோப்பாவின் மிகப் பெரிய செல்வாக்குடைய மன்னர் என்று பெயர்பெற்ற பதினான்காம் லூயியாலேயே அத்தனை நீரூற்றுகளையும் ஒரே சமயத்தில் நாள் முழுக்க ஓட்ட முடியவில்லை. பணமும் ஆளும் இருந்தன, தண்ணீர் இல்லை. அந்தப் பற்றாக்குறையை மூடி மறைக்கச் செய்த வேலைகள்தாம் இன்று நாம் காணும் தோட்டத்தின் அமைப்பு. ஊரின் சில தெருப்பெயர்களும் சுற்றுவட்டார ஏரிகளும்கூட அதன் மிச்சங்களே. தண்ணீர்க் கணக்கு புரிந்துவிட்டால், எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

இடத்தின் சிக்கல்: சதுப்பு உண்டு, ஆறு இல்லை

வெர்சாய், பாரிசுக்குத் தென்மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 1623-ல் பதின்மூன்றாம் லூயி இங்கே வேட்டைக்கு வரும்போது தங்குவதற்கு ஒரு சிறு மாளிகை கட்டினார். வேட்டைக்கு ஏற்ற காடு என்பதைத் தவிர இந்த இடத்துக்கு வேறு சிறப்பு இருக்கவில்லை. அவர் மகன் பதினான்காம் லூயி 1661 முதல் அதை விரித்துக் கட்டத் தொடங்கினார். கட்டடம் லூயி லெ வோ பொறுப்பில், தோட்டம் ஆந்த்ரே லெ நோத்ர் பொறுப்பில், உள் அலங்காரம் ஷார்ல் லெ ப்ருன் பொறுப்பில். 1682 மே 6 அன்று அரசவையும் அரசாங்கமும் இங்கேயே குடிவந்தன. 1789 அக்டோபர் வரை, நடுவில் சில ஆண்டுகள் நீங்கலாக, பிரான்சின் ஆட்சி மையம் இதுதான்.

அரண்மனை ஒரு மேட்டின் மீது நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள தாழ்வான நிலம் அன்று சேறும் தேங்கிய நீருமாக இருந்தது. ஆக, இரண்டு எதிரெதிர்ச் சிக்கல்கள். பள்ளத்தில் வேண்டாத நீர் தேங்குகிறது. மேட்டில் வேண்டிய நீர் இல்லை.

பள்ளத்தின் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் கிராண்ட் கெனால். 1,670 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். 1668-ல் தோண்டத் தொடங்கி 1679-ல் முடித்தார்கள். வெனிஸ் குடியரசு அனுப்பிய கொந்தோலாப் படகுகள் இதில் மிதந்ததால் பலரும் இதை அலங்காரக் கால்வாய் என்றே நினைக்கிறார்கள். முதலில் இது ஒரு வடிகால். தோட்டத்தின் மிகத் தாழ்ந்த இடம் இதுவே. சதுப்பில் கசிவதும், மேலே பீச்சி விழுவதும் கடைசியில் இங்கே வந்து சேரும். அரண்மனைக்குத் தெற்கே உள்ள ‘சுவிஸ் குளம்’ என்பதும் இதே வகை. நாற்றமெடுத்துக் கிடந்த பள்ளத்தைச் சுவிஸ் காவற்படையினர் வெட்டித் திருத்தியதால் அந்தப் பெயர்.

மேட்டின் சிக்கல் அவ்வளவு எளிதாக முடியவில்லை.

நீர் ஏன் மேலே எழுகிறது?

இந்த நீரூற்றுகளின் அடியில் மோட்டார் எதுவும் இல்லை. உயரமான இடத்தில் ஒரு தேக்கத் தொட்டி. அங்கிருந்து மண்ணுக்கடியில் ஒரு குழாய். முனையில் ஒடுங்கிய பீச்சுவாய். தொட்டி நீரின் உயரம் தரும் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. வால்வைத் திறந்தால் எழும், மூடினால் அடங்கும்.

தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு நீர் எழ வேண்டும் என்று தோன்றும். எழுவதில்லை. காற்றின் தடையும் குழாயின் உராய்வும் ஒரு பங்கைத் தின்றுவிடும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைப் பிரெஞ்சு அறிவியல் அகாதமியின் எத்ம் மாரியோத் சோதனை செய்து ஒரு விதியாகச் சொன்னார். அக்கால அடிக் கணக்கில் அது இப்படி:

1. நீர் 5 அடி எழ வேண்டுமானால், தொட்டி 5 அடி 1 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். இழப்பு 1 அங்குலம்.
2. பீச்சும் உயரம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். 10 அடிக்கு 4 அங்குலம்.
3. 100 அடி என்பது 5 அடியைப் போல 20 மடங்கு. இழப்பு 400 அங்குலம், அதாவது 33 அடிக்கும் மேல். தொட்டி 133 அடிக்கும் மேலே இருந்தாக வேண்டும்.

வெர்சாயிலேயே மிக உயரமான பீச்சு டிராகன் குளத்தில் இருக்கிறது: 27 மீட்டர், அக்கால அளவில் ஏறக்குறைய 83 அடி. மேற்கண்ட விதிப்படி அதற்கு 106 அடி, அதாவது 34 மீட்டருக்கும் மேற்பட்ட நீர் உயரம் தேவைப்படுகிறது. பீச்சுவாயையும் பெரிதாக வைக்க வேண்டும். மெல்லிய நீர்க்கம்பி காற்றில் சிதறிப்போகும். பெரிய வாய் என்றால் நொடிக்கு நொடி கூடுதல் நீர் செலவாகும். கண்ணுக்கு நிறைவான ஒரு பீச்சுக்கு உயரமும் வேண்டும், அளவும் வேண்டும். இப்படிப்பட்ட பீச்சுகள் லூயி காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. இன்று 600-ஐ ஒட்டி இருக்கின்றன.

தண்ணீரைத் தேடிய ஐந்து முயற்சிகள்

முயற்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக விரிந்தன. ஒவ்வொன்றும் முந்தையது போதாமல் போனதன் விளைவு.

1. க்லாஞி குளம். அரண்மனைக்கு வடகிழக்கே இருந்த இயற்கைக் குளம். 1660-களில் குதிரைகள் சுற்றும் பம்பு வைத்து நீரை ஒரு நீர்க்கோபுரத்துக்கு ஏற்றினார்கள். நீரூற்றில் விழுந்த நீரைக் காற்றாலைகளால் திரும்ப மேலே கொண்டுவரும் ஏற்பாடும் அப்போதே இருந்தது. தோட்டத்தில் புதுக் குளங்கள் கூடக்கூட இந்த நீர் எட்டவில்லை. க்லாஞி குளம் பின்னாளில் தூர்க்கப்பட்டு, அதன் மேல் ஊர் பரவிவிட்டது.

2. பியேவ்ர் ஆறு. தெற்கே ஓடும் சிற்றாறு. அதன் நீரைக் காற்றாலை பம்புகளால் சாதோரி மேட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். காற்று நின்றால் பம்பும் நின்றது. ஆறும் சிறியது.

3. மேட்டுநில ஏரிகள். இதுவே உருப்படியான வேலை. லுவார் ஆற்றையே திருப்பிக் கொண்டுவரலாம் என்று 1674-ல் ஒரு யோசனை வந்தது. சொன்னவர், தெற்குப் பிரான்சில் ‘மிதி’ என்ற கால்வாயை வெட்டிப் பெயர் வாங்கிய பியேர் பால் ரிக்கே. வேலையைத் தொடங்கும் முன் அகாதமியின் ழான் பிக்கார் தொலைநோக்கி பொருத்திய மட்டக்கருவியால் நிலத்தை அளந்து பார்த்தார். ரிக்கே குறித்த இடத்தில் லுவார் ஆறு வெர்சாயைவிடத் தாழ்வாக இருப்பது தெரிந்தது. கால்வாய் வெட்டியிருந்தால் நீர் எதிர்த்திசையில்தான் ஓடியிருக்கும். ஒரு மட்டக்கருவி அரசாங்கத்தைப் பெருஞ்செலவிலிருந்து காப்பாற்றியது.

   அதே அளவைப் பணியில் நல்ல சேதியும் கிடைத்தது. தெற்கிலும் மேற்கிலும் உள்ள மேட்டுநிலங்கள் அரண்மனையைவிட உயரமானவை. அங்கே மழைநீரைத் தேக்கினால் பம்பே தேவையில்லை; தானாக இறங்கி வரும். சேன்-கான்த்தேன், சக்லே, ரம்புயே வரை ஏரிகள் வெட்டி, வரத்துக்கால்களால் ஒன்றோடொன்று கோத்தார்கள். சக்லே நீர் பியேவ்ர் பள்ளத்தாக்கைத் தாண்டி வர, பூக் என்ற இடத்தில் 19 வளைவுகள் கொண்ட மேல்பாலம் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. குறை ஒன்றுதான்: மழை பொய்த்தால் ஏரி வற்றும். நீரூற்றுகளுக்குத் தேவை அதிகமாகும் கோடையில்தான் ஏரியில் நீர் குறையும்.

4. மார்லி இயந்திரம். பிறகு செய்ன் ஆற்றையே மேலே ஏற்றத் துணிந்தார்கள். பூஜிவால் என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே தலா 12 மீட்டர் விட்டமுள்ள 14 சக்கரங்கள். வடிவமைத்துக் கட்டியவர் லியேஜ் பகுதித் தச்சர் ரென்கேன் சுவாலெம். பொறுப்பேற்றவர் ஆர்னோல்ட் த வில். 1681-ல் தொடங்கி 1684-ல் இயக்கிவைத்தார்கள். 160 மீட்டர் உயரத்துக்கு நீரை ஒரே மூச்சில் ஏற்ற முடியாது. அந்த அழுத்தத்தை அன்றைய குழாய்களும் பம்புகளின் தோல் அடைப்பான்களும் தாங்கமாட்டா. அதனால் மூன்று கட்டங்கள்: ஆற்றோரம் 64 பம்புகள், மலைச்சரிவின் நடுவே 79, அதற்கும் மேலே 78, மொத்தம் 221. மேல் கட்டப் பம்புகளை ஓட்டும் சக்தியும் ஆற்றுச் சக்கரங்களிலிருந்தே போக வேண்டும். அதற்காகச் சரிவு நெடுக இரும்புத் தண்டுகளைக் கோத்து, முன்னும் பின்னும் ஆட்டினார்கள்.

   கோளாறு அங்கேதான். ஆறு தந்த சக்தியில் பெரும்பங்கு அந்தத் தண்டுகளின் உராய்விலேயே தீர்ந்துபோனது. சத்தம் சுற்றுவட்டாரத்தையே தூங்கவிடவில்லை. தேய்ந்ததை மாற்ற எந்நேரமும் ஆட்கள் வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,200 கன மீட்டர் நீர் மேலே வந்தது. எதிர்பார்த்ததோ அதைவிட மிக அதிகம். போதாக்குறைக்கு, அருகிலேயே மன்னர் கட்டிய மார்லி மாளிகையின் நீரூற்றுகளும் அதே நீரில் பங்கு கேட்டன.

5. யூர் ஆற்றுக் கால்வாய். 1685-ல் ராணுவப் பொறியாளர் வொபான் மேற்பார்வையில், சுமார் 80 கி.மீ. தொலைவிலிருந்து யூர் ஆற்றைக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. மந்தெனோன் பள்ளத்தாக்கைக் கடக்க மூன்று அடுக்கு வளைவுப் பாலம் வரைந்தார்கள். படைவீரர்களையும் சேர்த்து சுமார் 30,000 பேர் வேலை செய்தார்கள். சதுப்புக் காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போனது. 1688-ல் போர் மூண்டதும் வீரர்கள் எல்லைக்குப் போனார்கள். வேலை நின்றது, மறுபடி தொடரவில்லை. முதல் அடுக்கின் வளைவுகள் மந்தெனோன் கோட்டைத் தோட்டத்தில் இடிபாடாக நிற்கின்றன. மேலே ஒரு சொட்டு நீரும் ஓடியதில்லை.

வெர்சாயின் பெருமையைப் பற்றிப் பேசும்போது கண்ணாடி மண்டபத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள் கொண்ட அந்த மண்டபத்துக்கு நான் குறை சொல்லவில்லை. ஆனால் மன்னருடைய ஆசையின் எல்லை எது என்று பார்க்க விரும்பினால், போக வேண்டிய இடம் மந்தெனோன்.

விசில் முறை

தேவைக்குக் குறைவான நீரை வைத்துக்கொண்டு, எங்கும் நீர் ஓடுவது போல் காட்டுவது எப்படி? விடை எளிது: மன்னர் இருக்கும் இடத்தில் மட்டும் ஓடினால் போதும்.

நீரூற்றுப் பணியாளர்கள் தோட்டம் முழுக்க வால்வுகளின் அருகே நிற்பார்கள். மன்னரும் உடன் வருவோரும் நெருங்கும்போது ஒருவர் விசில் ஊத, அடுத்த குளத்துக்காரர் வால்வைத் திறப்பார். ஊர்வலம் கடந்ததும் மூடிவிடுவார். மன்னர் கண்ணுக்கு வறண்ட குளம் படவே படாது. பெரிய தூதுக்குழுக்கள் வரும் நாளில் மட்டும் கூடுதலாக ஓடவிட்டார்கள்.

தோட்டத்தை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று லூயி தம் கையாலேயே வழிக்குறிப்பு எழுதிவைத்தார். மேல்தளத்தில் எங்கே நிற்க வேண்டும், எப்பக்கம் திரும்ப வேண்டும், எந்தக் குளத்தை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. ரசனைக்காக எழுதியது என்றே வழக்கமாகச் சொல்வார்கள். வால்வுக்காரர்களின் கண் கொண்டு படித்தால், வருகிறவர்கள் ஒரே வழியில், ஒரே திசையில் நகர்வது எவ்வளவு வசதி என்பது விளங்கும்.

லெ நோத்ரின் அமைப்பும் இதற்கு ஒத்துழைக்கிறது. தோட்டத்தின் நடு அச்சில் நின்றால் லத்தோனா குளம், புல்வெளி, அப்போலோ குளம், கால்வாய் என்று நேராகத் தெரியும். இரு பக்கமும் உள்ள நீரூற்றுகளோ ‘போஸ்கே’ எனப்படும், மரங்களே சுவராக நிற்கும் தனித்தனித் தோப்புகளுக்குள் மறைந்திருக்கின்றன. ஒன்றில் நிற்பவருக்கு அடுத்ததில் நீர் ஓடுகிறதா என்று தெரியாது.

என்னென்ன கெட்டுப்போகிறது?

இன்றும் லூயி காலத்து வார்ப்பிரும்புக் குழாய்களில் பெரும்பகுதி பயன்பாட்டில் இருக்கிறது. நிலத்தடியில் 30 கி.மீ.க்கு மேல் குழாய் ஓடுகிறது. பராமரிப்பவர்கள் கவனிக்கும் இடங்கள் நான்கு:

1. வால்வு. யாழ் வடிவக் கைப்பிடி கொண்ட நீண்ட திறவுகோலால் கையாலேயே திறக்கிறார்கள். மெதுவாகத் திறந்து மெதுவாக மூட வேண்டும். சட்டென்று மூடினால், ஓடிவரும் நீர் குழாயின் மீது சுத்தியல் போல் மோதும். முன்னூறு வயதான இணைப்பு அந்த அடியில் விட்டுப்போகும்.

2. குளத்தின் அடித்தளம். நீர் கசியாமல் இருக்கக் களிமண் மிதித்துப் பூசும் பழைய முறை. களிமண் ஈரமாக இருக்கும்வரைதான் அது அடைப்பு, காய்ந்தால் வெடிக்கும். அதனால் வேலை இல்லாத நாளிலும் குளத்தை நீண்ட காலம் வறள விடுவதில்லை.

3. சிலைகள். அப்போலோ குளத்துத் தேரும் குதிரைகளும் பார்வைக்குப் பொன், உள்ளே ஈயம். ஈயம் மென்மையானது, தன் எடையிலேயே தொய்யும். தாங்குவதற்காக உள்ளே இரும்புச் சட்டம் வைத்தார்கள். ஈரத்தில் இரும்பு துருப்பிடித்து உப்பி, ஈயத்தை உள்ளிருந்து பிளக்கிறது. லத்தோனா குளம் 2013 முதல் 2015 வரையும், அப்போலோ குளம் அதன் பிறகும் முழுதாகப் பிரித்துச் செப்பனிடப்பட்டன.

4. குளிர்காலம். நீர் உறைந்தால் விரியும்; குழாயும் வெடிக்கும், பளிங்கும் வெடிக்கும். எனவே பருவம் முடிந்ததும் குழாய்களை வடித்துவிட்டுச் சிலைகளுக்கு உறை போடுகிறார்கள். டிசம்பரில் போனால் நீரும் இல்லை, பல சிலைகளின் முகமும் இல்லை.

இப்போதைய நீர், மூடிய சுழற்சி முறையில் வருகிறது. கால்வாயில் சேரும் நீரை மின்பம்புகள் திரும்ப மேல் தொட்டிகளுக்கு ஏற்றுகின்றன. பீச்சுவது பழைய முறையில்தான், தொட்டியின் உயரத்தால். தொட்டி காலியாகும் வேகம் நிரம்பும் வேகத்தைவிட அதிகம். காட்சிகளுக்கு நேரம் குறிப்பது இதனால்தான்.

அரண்மனைக்கு வெளியே ஊர்

வெர்சாய்க்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊரைப் பார்ப்பதே இல்லை. அதுவும் மன்னர் திட்டமிட்டுக் கட்டியதே. பழைய கிராமத்தை இடித்துவிட்டு, அரண்மனை வாசலிலிருந்து மூன்று பெருஞ்சாலைகளைத் திரிசூலம் போலப் பிரித்தார்கள். நடுச்சாலையான அவெனியூ த பாரியின் அகலம் 90 மீட்டருக்கும் மேல். 1671-ல் ஓர் அறிவிப்பு: வீடு கட்ட விரும்புவோருக்கு நிலம் இலவசம், சிறு வரி மட்டும் கட்டினால் போதும். ஆனால் முகப்பு அரசு வரைபடப்படி இருக்க வேண்டும், கூரை அரண்மனையின் பளிங்கு முற்றத் தரைமட்டத்தைத் தாண்டக் கூடாது. மன்னரின் சாளரத்திலிருந்து பார்வை மறைபடக் கூடாதல்லவா! பழைய தெருக்களில் வீடுகள் தாழ்ந்திருப்பது அதனால்தான்.

தண்ணீர் வேட்டையின் தடங்கள் ஊருக்குள்ளும் உண்டு. மோன்போரோன் குன்றின் உச்சியில் பெரிய தேக்கத் தொட்டிகள் இருக்கின்றன. அரண்மனையின் வட பக்கத் தெருவுக்குப் பெயரே ‘தொட்டிகள் தெரு’ (ரூ தெ ரெசெர்வுவார்). அதையொட்டித்தான் 1770-ல் மரத்தாலான அரச ஓப்பரா அரங்கு கட்டப்பட்டது. தீப்பிடித்தால் அணைக்க நீர் பக்கத்திலேயே இருந்தது.

மன்னரின் காய்கறித் தோட்டமான ‘பொதாஜே து ருவா’வைத் தவறவிடக் கூடாது. 9 ஹெக்டேர், ழான்-பத்தீஸ்த் த லா கேன்தினி 1678 முதல் 1683 வரை உருவாக்கியது. இடமோ சேற்றுநிலம். சுவிஸ் குளத்தில் வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, அடியில் வடிகால் போட்டு, மேலே நல்ல மண் பரப்பினார்கள். தோட்டத்தைப் பல அறைகளாக உயர்ந்த சுவர்களால் பிரித்ததும் காரணத்தோடுதான். பகலில் சுவர் உறிஞ்சும் வெப்பம் இரவில் கனிமரங்களுக்குக் கிடைக்கும், காற்றும் தடுக்கப்படும். பேரிக்காய் மரங்களைச் சுவரோடு விசிறி போலப் பரப்பிக் கட்டும் கலையை இங்கே இன்றும் காணலாம்.

அதற்கு நடை தூரத்தில் டென்னிஸ் போன்ற பந்தாட்டத்துக்கான பழைய கூடம் இருக்கிறது. 1789 ஜூன் 20 அன்று, கூட்ட அரங்கின் கதவு மூடப்பட்டிருந்ததால் மக்கள் பிரதிநிதிகள் இங்கே கூடி, அரசமைப்பு எழுதாமல் கலைவதில்லை என்று உறுதியெடுத்தார்கள். சிறிய, வெறுமையான கூடம். அரண்மனைக் கூட்டத்தில் நசுங்கி வந்தவருக்கு அந்த வெறுமையே ஆறுதல்.

‘வெர்சாய் உடன்படிக்கை’ எது?

நம் பாடநூல்களில் ‘வெர்செயில்ஸ்’ என்று அச்சாவதும் இந்த ஊரே. முதல் உலகப்போரை முடித்த 1919 ஜூன் 28 உடன்படிக்கை கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்தானது. அந்த மண்டபத்தைத் தேர்ந்ததற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 1871 ஜனவரி 18 அன்று, பிரான்சைத் தோற்கடித்த ஜெர்மானியர்கள் தங்கள் பேரரசை அறிவித்தது அதே மண்டபத்தில்.

தமிழ் வாசகருக்கு நெருக்கமானது அதற்கும் முந்தையது. 1783 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவுடன் பிரிட்டன் பாரிசிலும், அதே நாளில் பிரான்சுடனும் ஸ்பெயினுடனும் வெர்சாயிலும் கையெழுத்திட்டது. சில நூல்களில் ‘பாரிஸ்’, சில நூல்களில் ‘வெர்சாய்’ என்று வருவது இதனால். 1778-ல் ஆங்கிலேயர் பிடித்த புதுச்சேரியும், காரைக்காலும் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது வெர்சாயில் போட்ட கையெழுத்தால்தான். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1788 ஆகஸ்டில், திப்பு சுல்தானின் மூன்று தூதர்கள் இங்கே பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். அவர்கள் கப்பலேறியது புதுச்சேரியில்.

இன்றைய செய்திகளில் வரும் குழப்பம் வேறு: பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏன் சில சமயம் வெர்சாயில் கூடுகிறது? 1870-களில் நாடாளுமன்றம் பாரிசுக்கு வெளியே, இங்கேதான் இயங்கியது. அரண்மனையின் தென் சிறகில் ஒரு பெரிய அவைக்கூடமும் கட்டினார்கள். பின்னர் பாரிசுக்குத் திரும்பினாலும், அரசமைப்பைத் திருத்த இரு அவைகளும் ஒன்றாகக் கூடும்போது அந்தக் கூடமே பயன்படுகிறது. 2024 மார்ச் 4 அன்று கருக்கலைப்பு உரிமையை அரசமைப்பில் சேர்த்த வாக்கெடுப்பு அங்கேதான் நடந்தது. அத்தகைய நாளில் அரண்மனையைச் சுற்றிப்பார்க்க வழியில்லாமல் போகலாம்.

ஒரு நாளைத் திட்டமிடும் முறை

1. கிழமை. திங்கள் அரண்மனை விடுமுறை. அதனால் செவ்வாயில் கூட்டம் பிதுங்கும். பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாயில் மூடுவதும் ஒரு காரணம். நீரூற்றுக் காட்சி பொதுவாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான பருவத்தில்தான்; சனி, ஞாயிறு உறுதியான நாட்கள். வேறு சில நாட்களில் ‘இசைத் தோட்டம்’ என்றிருக்கும். அன்று தோப்புகள் திறந்திருக்கும், பாட்டு ஒலிக்கும், பெரிய நீரூற்றுகள் ஓடா. ஏமாற்றம் பெரும்பாலும் இந்தப் பெயரைச் சரியாகப் படிக்காததால் வருவது.

2. சீட்டு. அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டு தேவை. காட்சி நாட்களில் தோட்டத்துக்கும் கட்டணம் உண்டு. அரண்மனைக்கு மட்டுமான சீட்டில் அது அடங்காது. எல்லாம் அடங்கிய ‘பாஸ்போர்ட்’ சீட்டு அந்நாட்களில் வசதி.

3. ரயில். வெர்சாயில் மூன்று நிலையங்கள். ஆர்.இ.ஆர். எனப்படும் புறநகர் ரயிலின் ‘சி’ தடத்தில் ‘வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ்’ என்று போட்ட வண்டியில் ஏற வேண்டும். இறங்கி 10 நிமிட நடை. அதே தடத்தில் சேன்-கான்த்தேன் போகும் வண்டி ‘ஷாந்தியே’ நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து இரு மடங்கு நடை. மூன்றாவது ‘ரீவ் துருவாத்’. பாரிசின் சேன்-லசார் நிலையத்திலிருந்து ‘எல்’ தடம். இடக்கரை, வலக்கரை என்று பெயர் இருப்பதால் ஊருக்குள் ஆறு தேட வேண்டாம். பாரிசில் அந்த ரயில்பாதை செய்ன் ஆற்றின் எந்தக் கரையில் தொடங்கியதோ, அதுவே பெயர்.

4. வரிசை. காலை முதல் சீட்டில் அரண்மனைக்குள் போய்விடுங்கள். தோட்டத்தின் கோடியிலுள்ள சிறு அரண்மனைகளான திரியானோன் மாளிகைகள் நண்பகலில்தான் திறக்கும். நடந்து போக அரை மணி ஆகும். அதை முன்னதாக வைத்துக்கொண்டு பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. கண்ணாடி மண்டபம் மேற்கு பார்த்தது. காலையில் வெளிச்சம் மந்தமாகவே இருக்கும். பொன்னொளியில் பார்க்க வேண்டுமென்றால் மாலைச் சீட்டு வாங்கி, தோட்டத்தை முன்னால் பார்க்கலாம்.

5. நீரூற்று நேரம். காலையில் ஒரு பொழுது, பிற்பகலில் ஒரு பொழுது. நுழைவாயிலில் தரும் வரைபடத்தில் ஒவ்வொரு தோப்புக்கும் நேரம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்க்க முடியாது. மேலிருந்து கீழே இறங்கும் வழியில் லத்தோனா, நடன மண்டபத் தோப்பு, அப்போலோ. பிறகு வலப்பக்கமாகத் திரும்பி ஏறும் வழியில் ஆன்சலாத். மலையடியில் புதைந்த அந்த அரக்கனின் வாயிலிருந்து நீர் 25 மீட்டர் எழுகிறது. காற்று பலமாக வீசும் நாளில் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள்; சாரல் முழுக்க மறுபக்கம்தான் விழும்.

6. நெப்டியூன் குளம். வடகோடியில் இருக்கிறது; 99 பீச்சுகள். பிற்பகல் காட்சியின் கடைசியில் சில நிமிடங்கள் மட்டுமே ஓடும். அத்தனை வாய்களும் ஒன்றாகத் திறப்பதால் தொட்டி வேகமாக இறங்கிவிடும். பத்து நிமிடம் முன்னதாகப் போய்ப் புல்சரிவில் இடம்பிடித்துக்கொள்வது நல்லது. முடிந்ததும் மறுபடி அரண்மனை மேட்டில் ஏற வேண்டியதில்லை. பக்கத்து வாயில் திறந்திருந்தால் அப்படியே ஊருக்குள் இறங்கி, நோத்ர்தாம் சந்தை வழியாக நடந்தால் கால் மணி நேரத்தில் ரீவ் துருவாத் நிலையம் வந்துவிடும்.